புடிச்சாச்சு

மேஸ்திரி விழுந்தது உயரத்திலிருந்து இல்லை. முப்பத்தொரு வருஷம் பன்னிரண்டு மாடி, பதினாலு மாடி உச்சியில் நின்று கயிறு பிடித்தவர். கீழே பலகையில் உட்கார்ந்து வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவனின் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கும். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது வீட்டுக் குளியலறையில், ஒரு வாளி உயரத்திலிருந்து. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இடது கை, இடது கால் இரண்டும் போயின. வாய் மட்டும் தப்பியது.

“அதையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்” என்றாள் அவர் பெண்டாட்டி.

“போயிருந்தா உன்னை யாரு திட்டுவா? பொழுது போகணுமே உனக்கு” என்றார் மேஸ்திரி.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் வானம். அந்தச் சுவரும் மேஸ்திரியின் ஆட்கள் பதினொரு வருஷத்துக்கு முன்னால் அடித்தது. ஆறாவது மாடியில் மழைநீர் குழாய்க்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்து ஒரு திட்டு தெரிந்தது. படுத்த படுக்கையில் அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆத்திரம் வரும்.

“சுவரு காயறதுக்குள்ள அடிச்சிருக்கானுங்க. அன்னிக்கு நான் கீழ எறங்கிப் பாத்திருக்கணும்.”

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு செவ்வாய்க்கிழமை, சிகிச்சை மையத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவளை மேஸ்திரி தலை முதல் கால் வரை அளந்தார்.

“இதுவா? குச்சி மாதிரி இருக்கு. நான் எண்பத்திரண்டு கிலோ. நான் சாஞ்சா இது எனக்கு அடியில போயிடும்.”

“சாய்ங்க மேஸ்திரி. அடியில போறதுதான் என் வேலை” என்றாள் அவள்.

அன்றையிலிருந்து அவள் குச்சி. அந்த வீட்டில் வேறு பெயர் அவளுக்கு இல்லை.

முதல் நான்கு நாளும் மேஸ்திரி எழுந்திருக்க மறுத்துவிட்டார். குச்சி வற்புறுத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தச் செத்த பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலை மடக்கி மடக்கி நீட்டினாள். பத்து என்று சொன்னால் பத்தோடு நிறுத்தினாள். இது அவர் கவனத்தில் பட்டது.

“இதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். பத்துன்னு சொல்லிட்டுப் பதினாறு எடுப்பான். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு’ன்னு. நான் என்ன சின்னப் பாப்பாவா? அவன் கையைத் தட்டி விட்டுட்டேன்.”

“எந்தக் கையால?”

மேஸ்திரி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டதாகப் பெண்டாட்டி பிற்பாடு சொன்னாள்.

ஐந்தாம் நாள் குச்சி இடுப்புப் பட்டையை எடுத்தாள். நோயாளியின் இடுப்பில் கட்டி, பின்னால் இருக்கிற பிடியைப் பயிற்சி கொடுக்கிறவர் பிடித்துக்கொள்வார். மேஸ்திரி அதை வாங்கினார். வலது கையால் தையலை நெருடினார். கொக்கியைப் பல்லால் கடித்து இழுத்தார்.

“எத்தனை கிலோ தாங்கும்?”

“தெரியாது மேஸ்திரி. கேட்டுச் சொல்றேன்.”

“தெரியாதுன்னு சொன்ன பாரு, அது. அவன்கிட்ட எதைக் கேட்டாலும் ‘ஒண்ணும் ஆகாது’ம்பான். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவன் கையில நான் ஒரு டப்பாவைக்கூடக் குடுக்க மாட்டேன்.” பட்டையைத் திருப்பித் தந்தார். “சரி, ஒரு விஷயம். எங்க தொழில்ல மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். மூஞ்சி தெரியாது. கீழ இருக்கறவன் பலகையில உக்கார்றதுக்கு முன்னாடி ‘புடிச்சாச்சா?’ம்பான். மேல இருக்கறவன் கயித்தை ரெண்டு சுத்து சுத்திக் காலை முட்டுக் குடுத்துட்டு ‘புடிச்சாச்சு’ம்பான். அப்புறம்தான் கீழ இருக்கறவன் தன் எடையை வைப்பான். எறக்கணும்னா ‘விடவா?’ன்னு மேல இருந்து கேக்கணும். ‘விடு’ன்னு கீழ இருந்து குரல் வரணும். வராம ஒரு விரக்கடை விடக் கூடாது. இந்த நாலு வார்த்தைதான். உனக்கு முடியுமா?”

“முடியும்.”

“யோசிச்சுச் சொல்லு. நான் அதை நம்பித்தான் காலை வைப்பேன்.”

“புடிச்சாச்சு” என்றாள் குச்சி.

மேஸ்திரி எழுந்தார். கட்டிலைவிட்டு அரை அடி எழுந்து, நடுங்கி, மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் வியர்த்து ஊற்றியது. பெண்டாட்டி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டு அழுதாள்.

நாலு வார்த்தையின் கதையை அவள்தான் பிறகொரு நாள் சொன்னாள். டீ கொதிக்கிற வரைக்கும் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள். டீ பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

“என் தம்பி இவர்கிட்ட வேலை செஞ்சான் கண்ணு. கயித்துல நின்னான். ஒரு நாள் கீழ இருந்து ஒரு பையன் ‘புடிச்சாச்சா?’ன்னு கேட்டிருக்கான். இவன் சிகரெட்டுப் பத்த வெச்சுக்கிட்டே ‘புடிச்சாச்சு’ன்னுட்டான். ஒரு சுத்துதான் சுத்தியிருந்தான். பையன் மூணு மாடி எறங்கி, ஒரு சன்ஷேடுல மாட்டி, கால் ஒடஞ்சுது. பொழைச்சுக்கிட்டான். ரெண்டு மாசத்துல வேலைக்கும் வந்துட்டான். என் தம்பியை மன்னிச்சுட்டான்கூட. இவர் மன்னிக்கல. இருபத்திரண்டு வருஷம். என் தம்பி இந்த வாசப்படி மிதிச்சதில்ல. எங்க அம்மா செத்தப்ப, இவர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் நின்னாங்க. நான் நடுவுல நின்னு யாருக்காக அழறதுன்னு தெரியாம அழுதேன்.”

“விழுந்ததுக்காகவா இவ்வளவு கோவம்?”

“விழுந்தது இல்ல கண்ணு. விழறது தொழில்ல நடக்கும்னுவாரு. சொன்னது. புடிக்காம புடிச்சாச்சுன்னு சொன்னது.”

குச்சி கேட்டுக்கொண்டாள். அடுப்பைத் துடைக்க அவளும் ஒரு துணி எடுத்தாள்.

இரண்டாவது மாதம் நின்றார். மூன்றாவது மாதம் கைத்தடியோடு நடந்தார். இடது முழங்கால் மடங்கப் பார்க்கும்போது குச்சி தன் முழங்காலை அதற்கு முட்டுக் கொடுப்பாள். இடது கால் விரல் தரையில் சிக்கினால் நின்றுவிடுவார்கள், திட்டுவார், மறுபடி எடுப்பார். கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஒன்பது அடி. அளவு நாடா அடி இல்லை. அவர் எடுத்து வைக்கிற அடி. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் “புடிச்சாச்சா?” ஒவ்வொன்றுக்கும் “புடிச்சாச்சு.” கீழ்வீட்டு அம்மாள் படியில் குச்சியைப் பார்த்து, “என்னம்மா, நீங்க ரெண்டு பேரும் கோழி புடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

மழை நின்று பனி ஆரம்பித்த சமயம், குச்சி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரி கழிவறை இருக்கையிலிருந்து சரிந்தார். பெண்டாட்டி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முதுகில் ஏதோ மடக்கென்றது. தண்டுவடத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது, இனி அரை வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார்கள். அவளும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டாள்.

“ஜோடிப் பொருத்தத்தைப் பாத்தியா குச்சி?” என்றார் மேஸ்திரி. அன்று யாரும் சிரிக்கவில்லை.

மகன் வந்தான். தூரத்தில் வேலை. பத்து நாள் விடுப்பு. நல்ல பையன்தான், வந்த அன்றே அம்மாவை உட்கார வைத்துவிட்டுத் துணி துவைத்தான், அப்பாவுக்கு முட்டை அவித்தான், முகம் சவரம் செய்துவிட்டான். நான்காம் நாள் குச்சியைப் படிக்கட்டில் நிறுத்தினான்.

“அம்மாவால இனிமே தூக்க முடியாது. என்னால இங்க இருக்க முடியாது. ஒரு இல்லம் பாத்து வெச்சிருக்கேன். ஒரு கட்டில் காலியாயிருக்காம்.”

கட்டில் எப்படிக் காலியாகியிருக்கும் என்று குச்சி கேட்கவில்லை.

“அவர் இப்ப நல்லா நடக்கறாரே” என்றாள்.

“நீங்க புடிச்சா நடக்கறாரு. நீங்க நாள் முழுக்கவா இருக்கப் போறீங்க? கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும், யாரும் கை வெக்காம, அவரே போகணும். சனிக்கிழமைக்குள்ள நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா நிம்மதியா கெளம்பிடறேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு போய் விட்டுட்டுத்தான் போவேன். தப்பா எடுத்துக்காதீங்க. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

 குச்சிக்கு ஒன்று தெரியும். இரண்டு வாரமாக அவள் பட்டையைப் பிடிக்கவே இல்லை என்று சொல்லலாம். நான்கு விரலும் பிடிக்குள் இருந்தன, அவ்வளவுதான், எடை வரவில்லை. மேஸ்திரி தானாகத்தான் நடந்துகொண்டிருந்தார். அவருக்குத்தான் தெரியாது. தினமும் ஐந்தாவது அடியில் “விடவா?” என்று கேட்பாள். “விடாத” என்பார். “நாளைக்கு?” “நாளைக்குக் கேளு.”

அன்றும் கேட்டாள். அன்றும் விடாதே என்றார். உட்கார்ந்த பிறகு சனிக்கிழமை விஷயத்தை மெல்ல எடுத்தாள்.

“தெரியும். அவன் அந்த எடத்துக்காரன்கூட ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசறான். எனக்கு வந்தது கால்ல, காதுல இல்லன்னு அவனுக்கு ஞாபகம் இல்ல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அங்க ஜன்னல்ல என்ன தெரியுமோ.”

“நீங்க போக வேண்டாம். உங்களால முடியும் மேஸ்திரி. சத்தியமா நான் புடிக்கறதே இல்ல, சும்மா கைதான் வெச்சிருக்கேன்.”

“கை இருக்குல்ல?”

“இருக்கு.”

“அது போதும் எனக்கு. அது இல்லன்னா இந்தக் கால் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை ‘விடு’ன்னு சொல்லிடறேன். சொல்ற வரைக்கும் விடாத.”

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மகன் கழிவறை வாசலில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான். பெண்டாட்டி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு பை ஏற்கெனவே கட்டிலுக்கடியில் இருந்தது. அதில் அவருடைய நாலு லுங்கி, இரண்டு துண்டு, சவர சாமான். அதை அடுக்கியவளே அவள்தான்.

“புடிச்சாச்சா?”

“புடிச்சாச்சு.”

எழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கைத்தடி, இடது கால், வலது கால். சரியாக நடந்தார். நான்காவது அடியில் குச்சி கேட்டாள்: “விடவா?”

மேஸ்திரியின் பிடரியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஐந்தாவது அடி. “விடவா மேஸ்திரி?”

“விடாத.”

மகன் போனைக் கொஞ்சம் தாழ்த்தினான். பெண்டாட்டி குச்சியைப் பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

மேஸ்திரியின் மச்சான் கதை குச்சிக்கு மறந்துபோயிருந்தது என்று சொல்ல முடியாது. ஞாபகம் வந்தது. இது வேறு என்று நினைத்தாள். அவன் சோம்பலில் சொன்னான். நான் இவருக்காகச் சொல்கிறேன். படிக்கும்போது வாத்தியார்களும் தெரியாமல் கையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். சைக்கிள் பழக்குகிற அப்பா எல்லோரும் செய்கிறதுதான். விரல்களைப் பிரித்தாள். கையை எடுத்தாள்.

ஆறாவது அடிக்கு முன்னால் மேஸ்திரி திரும்பாமல் கேட்டார். “புடிச்சாச்சா?”

“புடிச்சாச்சு” என்றாள் குச்சி.

ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. மேஸ்திரி கழிவறைக் கதவின் நிலையைத் தொட்டார். மகன் “அப்பா!” என்று கத்தினான். பெண்டாட்டி முதுகை மறந்து ஓடி வந்தாள். அதற்குள் குச்சியின் கை மறுபடி பட்டைக்குப் போயிருந்தது. மேஸ்திரி மூச்சு வாங்கிக்கொண்டே, “நான்தான் விடுன்னு சொல்லவே இல்லையே, அப்புறம் என்ன கொண்டாட்டம்?” என்றார்.  மகன் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, லுங்கிகளை எடுத்து அலமாரியில் வைத்தான்.

அன்றைக்குக் குச்சி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை போனபோது மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பட்டை மடித்துத் தலையணைமேல் இருந்தது. பெண்டாட்டி டீ வேணுமா என்று கேட்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

“கெளம்பறதுக்கு முன்னாடி பையன் படம் காட்டினான்” என்றார் மேஸ்திரி.

குச்சி பட்டையை எடுக்க நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“மூணு தரம் போட்டுக் காட்டினான். ‘பாருங்கப்பா, யாருமே புடிக்கல, நீங்களே நடந்தீங்க’ன்னான். அவன் என் காலைப் பாக்கச் சொன்னான். நான் உன் கையைப் பாத்தேன். ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சுக்கிட்டுப் பின்னாடி வர்ற. வாய் மட்டும் அசையுது.”

“நீங்க நடந்தீங்களே மேஸ்திரி. விழலையே. நீங்க போயிடக் கூடாதுன்னுதான்…”

“தெரியும். எனக்காகத்தான் பண்ணினே. கெட்டவ இல்ல நீ.” குரலில் கோபமே இல்லை. அதுதான் குச்சிக்குப் பயமாக இருந்தது. “நீ கை நழுவி என்னை விட்டிருந்தா, நான் விழுந்திருந்தா, எழுந்து உக்காந்து உன்னை நாலு திட்டுத் திட்டிட்டு மறுபடி நடந்திருப்பேன்.”

“இன்னிக்கு ஒரு தரம் பாக்கலாம். நிஜமாவே புடிக்கறேன்.”

“பாரு. நிஜமாவேன்னு சேத்துச் சொல்ல வேண்டியிருக்கு.”

ஆனாலும் கட்டிவிடச் சொன்னார். அவள் கட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தாள், விரல் எலும்பு வெளுக்கிற மாதிரி.

“புடிச்சாச்சு” என்றாள், அவர் கேட்காமலே.

மேஸ்திரி முன்னால் சாய்ந்தார். வலது கால் ஊன்றியது. இடது தொடை ஒரு முறை துடித்தது. அதோடு நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். வேண்டுமென்று செய்யவில்லை, நெற்றி நரம்பு புடைத்ததைக் குச்சி பார்த்தாள். நாலாவது தடவை கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“உடம்பு எடையைக் குடுக்க மாட்டேங்குது” என்றார். “நான் சொல்லிப் பாக்கறேன். அது கேக்கல.”

வெளியே வரும்போது பெண்டாட்டி வாசலில் நின்றாள். அவள் முகத்தில் நன்றியும் இல்லை, பகையும் இல்லை.

“நான் அன்னிக்கு உன்னைப் பாத்தேன். நான் பாத்ததாலதான் நீ விட்டே. எனக்குத் தெரியும்” என்றாள். “என் தம்பியையும் நான்தான் கொண்டு வந்து வேலையில சேத்தேன்.”

குச்சி இரண்டு வாரம் போனாள். எழுந்திருக்கவில்லை. மையத்திலிருந்து வேறு ஆளை அனுப்பினார்கள்; தடித்த ஆண்பிள்ளை. அவனிடமும் எழுந்திருக்கவில்லை. மகன் தூரத்திலிருந்து போனில் கத்தினான்: “நடந்ததை நானே பாத்தேன். என்கிட்ட படம் இருக்கு. பிடிவாதம்மா இது, வேற ஒண்ணும் இல்ல.” அந்தப் படத்தைக் கீழ்வீட்டு அம்மாள் பார்த்தாள், டாக்டர் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லோரும் மேஸ்திரியைச் சோம்பேறி என்றார்கள். முதுகில் படுக்கைப்புண் வந்தது. குளிர்காலம் முடிவதற்குள் மகன் இன்னொரு நாலு நாள் விடுப்பில் வந்து, அதே பையில் அதே லுங்கிகளை அடுக்கினான். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் படியிறக்கினார்கள். யாரும் எதுவும் சொல்லாமல் தூக்கினார்கள்.

படம் மையத்துக்கும் வந்து சேர்ந்தது. மகன்தான் நன்றி சொல்லி அனுப்பியிருந்தான், அந்தச் சனிக்கிழமையே. தலைமை மருத்துவர் அதை வரவேற்பறை டிவியில் ஓடவிட்டிருந்தார். நோயாளிகள் காத்திருக்கும்போது மேஸ்திரி திரும்பத் திரும்ப ஒன்பது அடி நடந்தார். சத்தம் கிடையாது. “இவர் இப்ப எப்படி இருக்காரு?” என்று ஒருவர் கேட்டார். “நல்லா இருக்காரு” என்றாள் வரவேற்பில் இருந்த பெண், நிமிராமல். படத்தை எடுத்துவிடச் சொல்லிக் குச்சி இரண்டு தடவை கேட்டாள். எதுக்கு, நல்லாத்தானே இருக்கு என்றார்கள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு நாள் அவள் அந்த இல்லத்தைத் தேடிப் போனாள். நீள அறை, பதினாறு கட்டில். மேஸ்திரியின் கட்டில் ஜன்னலோரம் இல்லை. நடுவில், விளக்குக்குக் கீழே.

அவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் இரும்புக் கை; அதிலிருந்து தொங்குகிற தொட்டில் துணி. நோயாளியின் அடியில் துணியைப் போட்டுக் கொக்கிகளை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் அது தூக்கும். பணியாள் பக்கத்துக் கட்டில்காரரோடு மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டே பொத்தானை அமுக்கினார். மேஸ்திரி எழும்பினார். எண்பத்திரண்டு கிலோ இருந்தவர் அறுபதுக்கு வந்திருந்தார். வலது கை உயர்ந்து ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்தது. தையலை நெருடியது. நான்கையும் பார்த்த பிறகு கீழே வந்தது.

அவளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்த மாதிரிதான் இருந்தது.

“வாங்க டாக்டர்” என்றார். “எப்ப வந்தீங்க? உக்காருங்க. சாப்பிட்டீங்களா?”

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தனை மாதம் திட்டும்போதும் சிரிக்கும்போதும் அவர் வாயில் நீ, வா, போ மட்டும்தான். ஒரு நாளும் அவளை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை.

“நான் குச்சி, மேஸ்திரி” என்றாள்.

“தெரியுதுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

பணியாள் பேச்சு சுவாரசியத்தில் இரும்புக் கையைச் சட்டென்று திருப்பினார். தொட்டில் ஒரு பக்கமாக ஆடியது. மேஸ்திரியின் செத்த கால் துணியைவிட்டு வெளியே தொங்கி, அதுவும் ஆடியது. அவள் இரண்டே எட்டில் போய்க் கையை நீட்டினாள்.

“வேண்டாங்க” என்றார் மேஸ்திரி, மரியாதையாக. “இந்த இரும்புக்குப் பேச வராது. அதனால பயமில்ல.”

அவள் கை நீண்டபடியே இருந்தது. ஆட்டம் தானாக நின்றது. பணியாள் வேறு பொத்தானை அமுக்கினார். யாரும் யாரையும் எதுவும் கேட்காமல், மேஸ்திரி மெல்ல மெல்ல நாற்காலியில் இறங்கினார்.